மரியானோ மொரேனோவை எந்த ஆவணத்திலிருந்து படிக்கத் தொடங்குவது?

#1 தெற்குவானம்

புவெனஸ் ஐரிஸின் மரியானோ மொரேனோ பற்றிக் கிடைப்பதெல்லாம் ஒன்றோடொன்று முட்டுகிறது. ஓரிடத்தில் தடையற்ற வணிகத்தின் தந்தை என்கிறார்கள். இன்னோரிடத்தில் எதிரிகளை விசாரணையே இல்லாமல் சுடச் சொன்ன தென் அமெரிக்க ரோபெஸ்பியர். மூன்றாவது இடத்தில் கப்பலில் விஷம் வைத்துக் கொல்லப்பட்ட தியாகி. ஸ்பானிய வைஸ்ராயை நீக்கி அமைந்த ஆட்சிக்குழுவின் செயலாளராக ஆள் அதிகாரத்தில் இருந்ததோ 1810 மே 25 முதல் டிசம்பர் 18 வரை, ஏழு மாதம்கூட நிறையவில்லை. இறக்கும்போது வயது 32. இதில் எது எவ்வளவு நிற்கும்? எந்த ஆவணத்தில் கை வைத்தால் ஆள் பிடிபடுவார்? தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

#2 வெள்ளிநதி

1810-ஐ விட்டுவிட்டு 1802-ல் தொடங்குங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 13-ம் தேதி சுக்கிசாக்காவில், சட்டப் பயிற்சிக் கழகமான அகாதேமியா கரோலினாவில், பழங்குடியினரின் கட்டாய உழைப்பு பற்றி அவர் ஓர் ஆய்வுரை வாசித்தார். மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் திறவுகோல்.

பின்னணி இது. பிறப்பு 1778 செப்டம்பர் 23, புவெனஸ் ஐரிஸ். அப்பா ஸ்பெயினின் சாந்தாந்தெர் பகுதியிலிருந்து வந்தவர், அரசுக் கருவூலத்தில் உத்தியோகம். பதினான்கு பிள்ளைகளில் மொரேனோ மூத்தவர். சின்ன வயதில் அம்மை போட்டு முகத்தில் தழும்பு நின்றுவிட்டது. சான் கார்லோஸ் கல்லூரியில் படித்தார். பிரான்சிஸ்கன் துறவி கயெத்தானோ ரொத்ரிகெஸ் மடத்து நூலகத்தை அவருக்குத் திறந்துவிட்டார். வீட்டில் அவரைப் பாதிரியாராக்கத்தான் எண்ணம். சுக்கிசாக்காவுக்கு அனுப்பியதும் இறையியல் படிக்கத்தான். புவெனஸ் ஐரிஸிலிருந்து கோர்தோபா, துக்குமான், சால்தா, பொத்தோசி வழியாகப் போகவேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும் பயணம். 1800-ல் போய்ச் சேர்ந்து, திருச்சபை அதிகாரி மத்தியாஸ் தெர்ராசாஸ் வீட்டில் தங்கினார். அவரிடம் இருந்த நூலகத்தில்தான் பிரெஞ்சு நூல்கள் கைக்குக் கிடைத்தன. இறையியல் முடித்தவர் பாதிரியாராகாமல் சட்டத்துக்குத் திரும்பினார்.

சுக்கிசாக்கா இன்றைய பொலிவியாவின் சுக்ரே. சான் பிரான்சிஸ்கோ சேவியர் பல்கலைக்கழகம் 1624 முதல் அங்கே இருக்கிறது, சார்க்காஸ் உயர் நீதிமன்றமும் அங்கேதான். 1776-ல் தொடங்கிய அகாதேமியா கரோலினா, பட்டம் வாங்கியவர்களுக்கு நீதிமன்ற நடைமுறை சொல்லித்தரும் இடம். மாதிரி வழக்கு நடத்துவது, மனு வரைவது, இரு தரப்பும் பேசுவது, இதுதான் பாடம். புரட்சியாளர்களான காஸ்தெல்லி, பின்னால் மொந்தெயாகுதோ எல்லோரும் சுக்கிசாக்காவில் சட்டம் படித்து வந்தவர்களே. 1809, 1810-ன் கிளர்ச்சி அறிக்கைகள் ஏன் வழக்கு மனு போலவே இருக்கின்றன என்பதற்கு விடை அந்த வகுப்பறையில் கிடைக்கும்.

ஆய்வுரையின் பொருள் பொத்தோசி மீத்தா. வைஸ்ராய் தொலேதோ 1570-களில் ஒழுங்குபடுத்திய கட்டாய வேலைமுறை அது. கூஸ்கோவிலிருந்து தெற்கே 16 மாகாணங்கள், 18 முதல் 50 வயதுவரை உள்ள ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் வெள்ளிச் சுரங்கத்துக்குப் போகவேண்டும். தொடக்கக் கணக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 பேர். ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்பது விதி, எனவே எந்த நேரமும் சுமார் 4,500 பேர் சுரங்கத்தில். கூலி வயிற்றுக்குப் போதாது. ஊரிலிருந்தே தானியமும் லாமா என்ற சுமைவிலங்கும் கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். ஓய்வு வாரத்திலும் வேறு கூலிவேலை தேடுவார்கள். பலர் ஊர் திரும்பவே இல்லை. ஊரில் ஆள் குறைந்தாலும் ஒதுக்கீடு அதே வேகத்தில் குறையாது. மிஞ்சியவன் தலையில் அடிக்கடி முறை வந்து விழும், அதற்குப் பயந்து அவனும் ஊரைவிட்டு ஓடுவான். அந்த முறை கெட்டது இப்படித்தான்.

மொரேனோவுக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். சார்க்காஸ் நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞர் விக்தோரியான் தே வில்யாவா 1793-ல் மீத்தாவை எதிர்த்து எழுதினார். பொத்தோசி ஆளுநர் பிரான்சிஸ்கோ தே பவுலா சான்ஸ் அதற்கு மறுப்பு எழுதினார். இந்த ஆளுநரின் பெயரை நினைவில் வையுங்கள், 1810-ல் திரும்ப வருகிறார்.

#3 மைக்கூடு

வெள்ளிநதி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வுரையில் மொரேனோ அரசரை எங்கும் தாக்கவில்லை. ஸ்பெயின் அரசின் சொந்தச் சட்டங்களையும் சோலோர்சானோ பெரெய்ரா போன்ற அதிகாரபூர்வச் சட்ட அறிஞர்களையும் எடுத்துவைத்து, "உங்கள் சட்டப்படியே இவர்கள் சுதந்திர மனிதர்கள்தானே" என்று கேட்கிறார். எதிரியின் ஏட்டைக் காட்டியே எதிரியை மடக்குவது. 1809-லும் 1810-லும் இதே உத்தி வரும்.

அடுத்த ஆவணம், ஆங்கிலேய வணிகத்தை அனுமதிக்கக் கோரி வைஸ்ராயிடம் போன பண்ணையார்கள் மனு, 1809 செப்டம்பர் 30. "தடையற்ற வணிகம்" என்று கண்ணைமூடிக்கொண்டு சொல்பவர்கள் அதன் கடைசிப் பக்கங்களைப் பார்ப்பதில்லை. மனுவின் உடல்தான் ஆடம் ஸ்மித் வாசம். கோரிக்கைப் பகுதி முழுக்க நிபந்தனை:

ஆங்கிலேய வணிகத்துக்கு அனுமதி இரண்டே ஆண்டுக்கு. சரக்கை ஸ்பானியக் குடிகள் வழியாகத்தான் விற்கவேண்டும். இறக்குமதி செய்கிறவர், கொண்டுவந்த சரக்கின் மதிப்பில் பாதிக்கு உள்நாட்டு விளைபொருளை ஏற்றுமதி செய்தாகவேண்டும். கொச்சபாம்பாவிலும் உள்நாட்டு மாகாணங்களிலும் நெய்யப்படும் முரட்டுப் பருத்தித் துணிக்குப் போட்டியாக வரும் மலிவுத் துணிக்கு 20 சதவீதம் கூடுதல் வரி.

இது துறைமுகத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போகும் மனு இல்லை. தோலும் கொழுப்பும் கிடங்கில் அழுகும் கரையோரப் பண்ணையாருக்கும், தறிக்காரர்கள் இருக்கும் மலைநாட்டுக்கும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். அவர் ஐந்து ஆண்டு மலைநாட்டில் இருந்தவர் என்பது அந்த 20 சதவீதத்தில் தெரிகிறது.

#4 தெற்குவானம்

நன்றி. இரண்டு ஐயம். அந்த மனுவில் கையெழுத்து அவருடையது இல்லை என்று ஓரிடத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வைஸ்ராய் துறைமுகத்தைத் திறந்தாரா?

#5 ஏடுபுரட்டி

கையெழுத்து ஹோசே தே லா ரோசா என்பவருடையது. லா பிளாத்தா நதியின் இரு கரைப் பண்ணையார்களும் அவருக்கு வக்காலத்து கொடுத்திருந்தார்கள். மொரேனோ வரைந்து கொடுத்த வழக்கறிஞர். அன்று அவர் உயர் நீதிமன்றத்தில் வழக்குச் சுருக்கம் தயாரித்து நீதிபதிகளுக்கு வாசிக்கும் பதவியிலும் இருந்தார். எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது, யார் என்ன கருத்து எழுதியிருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. மனுவைத் தனியாகப் படித்தால் பாதிதான் புரியும், கோப்பின் வரிசையில் வைத்துப் படிக்கவேண்டும்.

வைஸ்ராய் சிஸ்னெரோஸ் 1809 நடுவில் வந்தபோது கருவூலம் காலி. ஆகஸ்டில் டில்லன், த்வைட்ஸ் என்ற வணிகர்கள் ஆங்கிலேயச் சரக்கை இறக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். வைஸ்ராய் அதை நகரசபைக்கும் வணிகர் சபைக்கும் கருத்துக்கு அனுப்பினார். நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்பது பொதுவான போக்கு. ஸ்பெயினின் காதிஸ் நகர வணிகர்களின் பிரதிநிதி பெர்னாந்தெஸ் தே ஆகுவெரோ கடுமையாக எதிர்த்து எழுதினார். அதற்கு மறுப்பாகத்தான் பண்ணையார்கள் மனு உள்ளே வருகிறது. நவம்பர் 6-ல் தற்காலிக விதிகள் ஏற்கப்பட்டன.

வரலாற்றாசிரியர் தியெகோ லூயிஸ் மொலினாரி இந்த வரிசையை வைத்துத்தான், மனு முடிவை மாற்றவில்லை, முடிவு ஏற்கனவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று வாதிட்டார். அதில் பெரும்பகுதி எனக்குச் சரியாகவே படுகிறது. வைஸ்ராய்க்குச் சுங்கவரிப் பணம் உடனே வேண்டும், அவரை நெட்டியது அதுதான். ஆனால் மனுவின் இரண்டாவது வாழ்க்கையை மொலினாரியின் வாதம் தொடாது. 1810-ல் அது அச்சாகிறது. அதே ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் ஜோசே த சில்வா லிஸ்போவாவின் முயற்சியில் போர்த்துகீசிய மொழியிலும் வருகிறது. கோப்புக்குள் இருந்த வாதம் பொதுவெளிக்கு வந்தது அப்போதுதான்.

#6 கருங்கல்

எல்லோரும் எழுத்தாற்றலைப் பாராட்டுகிறீர்கள், சரி. ஆனால் 1810 ஜூலை 28-ம் தேதி ஆணையை இந்த இழையில் யாரும் இன்னும் எடுக்கவில்லை. அதைத் தொடாமல் மொரேனோவைப் பற்றிப் பேசுவது நியாயம் இல்லை.

கோர்தோபாவில் முன்னாள் வைஸ்ராய் லினியெர்ஸ், ஆளுநர் குத்தியெர்ரெஸ் தே லா கொஞ்சா, ஆயர் ஒரெல்யானா, அல்யெந்தே, விக்தோரினோ ரொத்ரிகெஸ், ஹோவாக்கின் மொரேனோ ஆகியோர் புதிய ஆட்சிக்குழுவை எதிர்த்து நின்றார்கள். பிடிபட்ட இடத்திலேயே சுடவேண்டும், கெஞ்சலுக்கும் சிபாரிசுக்கும் இடம்தரும் நிமிட நேரம்கூடத் தாழ்த்தக்கூடாது என்று ஆணை போனது. குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. ஆட்சிக்குழுவில் மனுவெல் அல்பெர்த்தி மட்டும் பாதிரியார் என்பதால் கையெழுத்திடவில்லை. படைத்தலைவர் ஒர்த்திஸ் தே ஒக்காம்போ தயங்கிக் கைதிகளைத் தலைநகருக்கே அனுப்பினார். லினியெர்ஸ் 1806-ல் ஆங்கிலேயரிடமிருந்து நகரத்தை மீட்ட வீரர், அவரை ஊருக்குள் கொண்டுவந்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. மரியானோ மொரேனோ கொதித்துப்போனார். காஸ்தெல்லியை அனுப்பி ஆகஸ்ட் 26-ல் கபேசா தே திக்ரே அருகே காரியத்தை முடித்தார்கள். ஆயர் மட்டும் தப்பினார்.

சுடப்பட்ட விக்தோரினோ ரொத்ரிகெஸ் யார் தெரியுமா? கோர்தோபா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகச் சட்டம் கற்பித்த பேராசிரியர். ஒரு சட்டப் பேராசிரியரை விசாரணை இல்லாமல் சுட, சட்டம் படித்தவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மீத்தா ஆய்வுரையைப் படிக்கும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

#7 வெள்ளிநதி

கருங்கல் எடுத்துவைத்த கேள்வி சரியானது, அதை மெழுக நான் வரவில்லை. இரண்டு தகவல் மட்டும் சேர்க்கிறேன்.

ஆட்சிக்குழுவின் சட்ட அடித்தளம் மிக மெல்லியது. அரசர் பெர்னாந்தோ நெப்போலியனிடம் கைதி, எனவே இறையாண்மை மக்களிடம் திரும்பிவிட்டது என்பது மே 22 நகரக் கூட்டத்தில் காஸ்தெல்லி வைத்த வாதம். "அப்படியே இருக்கட்டும், புவெனஸ் ஐரிஸ் ஒரு நகரம் மட்டும் எல்லா மாகாணங்களுக்கும் எப்படி முடிவெடுக்கும்?" என்று எதிர்த்தரப்பு மடக்கியபோது, ஹுவான் ஹோசே பாசோ உரிமையியல் சட்டத்திலிருந்து ஒரு கோட்பாட்டை உருவினார்: உரியவர் இல்லாத நேரத்தில், ஆபத்து வந்தால், அவர் சொல்லாமலே அவர் சொத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம், பிறகு கணக்கு ஒப்படைக்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்கு 450 பேரை அழைத்து 250 பேர் அளவில்தான் வந்தார்கள். மொரேனோ வந்திருந்தார், பேசவில்லை. மூன்று நாள் கழித்து அரசியல், போர் துறைகளின் செயலாளர் ஆனார். நிதி பாசோவிடம். தலைவர் கோர்னெலியோ சாவெத்ரா. உறுப்பினர்கள் பெல்கிரானோ, காஸ்தெல்லி, அஸ்குவெனாகா, அல்பெர்த்தி, மத்தேயு, லர்ரெயா.

இந்த வாதத்தின்படி மாகாணங்கள் பின்னால் ஒப்புதல் தரவேண்டும். கோர்தோபா மறுத்தால் முழு வாதமும் சரியும். ஜூலை ஆணையின் அவசரத்துக்குக் காரணம் அந்த அச்சம். காரணத்தைச் சொல்வது வேறு, நியாயப்படுத்துவது வேறு. நான் சொல்வது முதலாவது.

அடுத்தது பொத்தோசி. செப்டம்பர் 12-ம் தேதி காஸ்தெல்லிக்குப் போன ரகசிய அறிவுறுத்தலில், சார்க்காஸ் தலைவர் நியெத்தோ, ஆளுநர் சான்ஸ், லா பாஸ் ஆயர், ஸ்பானியப் படைத்தலைவர் கொயெனெச்சே நால்வரையும் எங்கே கிடைத்தாலும் சுடவேண்டும் என்று இருக்கிறது. நவம்பர் 7-ல் சுய்ப்பாச்சாவில் ஆட்சிக்குழுவின் படைக்கு வெற்றி. டிசம்பர் 15-ல் பொத்தோசிச் சதுக்கத்தில் நியெத்தோவும் கோர்தோபா என்ற அதிகாரியும் சான்ஸும் சுடப்பட்டார்கள். வில்யாவாவுக்கு மறுப்பு எழுதி மீத்தாவைக் காத்த அதே பவுலா சான்ஸ்தான். ஆய்வுரையில் தொடங்கிய வழக்கு அவர் மட்டில் துப்பாக்கியில் முடிந்தது.

#8 தெற்குவானம்

அப்படியானால் "செயல்திட்டம்" என்று ஒரு ரகசிய ஆவணம் பற்றி இவ்வளவு சண்டை ஏன்?

#9 ஏடுபுரட்டி

புரட்சியின் எதிரிகளைக் கடுமையாக ஒடுக்கச் சொல்லும், 1810 ஆகஸ்ட் 30 தேதியிட்ட அந்தத் திட்டம் மொரேனோ கையெழுத்தில் எங்குமே இல்லை. கிடைத்தது ஸ்பெயினின் செவில்யாவில், அமெரிக்கக் குடியேற்றங்களுக்கான 'இந்தியாஸ்' ஆவணக் காப்பகத்தில் ஒரு நகல். எதுவார்தோ மதேரோ கண்டெடுத்தார். 1896-ல் நோர்பெர்த்தோ பினியேரோ மொரேனோவின் எழுத்துகளைத் தொகுத்தபோது அதைச் சேர்த்து அச்சிட்டார். தேசிய நூலக இயக்குநர் பால் குரூசாக் அது போலி என்று அடித்து எழுதினார். அந்தச் சண்டை அரசுவரை போய், 1898-ல் குரூசாக் நடத்திய நூலக இதழே நின்றுபோனது. பின்னர் ரிக்கார்தோ லெவெனே, நகலின் கையெழுத்து அல்வாரெஸ் தே தொலேதோ என்ற அதிகாரியுடையது என்று காட்டிப் போலி வாதத்தை வலுப்படுத்தினார். 1952-ல் ருயிஸ் கினியாசு, திட்டத்தின் பகுதிகள் ஒரு பிரெஞ்சு நாவலிலிருந்து எடுத்தவை என்றார். மறுபக்கம், நகல் என்பதாலேயே போலி ஆகாது, அப்போதைய ஆணைகளும் இதே போக்கில்தான் இருக்கின்றன என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டுரை எழுதுகிறவருக்கு என் யோசனை: திட்டத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள், எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. மொரேனோவின் கடுமையைக் காட்ட ஜூலை 28 ஆணையும் செப்டம்பர் 12 அறிவுறுத்தலும் போதும். அவற்றின் மேல் ஐயம் இல்லை. ஐயமுள்ள ஆவணத்தை மேற்கோள் காட்டினால், ஒருவர் எழுந்து "அது போலி" என்பார், உங்கள் சரியான வாதமும் அதோடு போய்விடும்.

இதே எச்சரிக்கை இன்னும் இரண்டு இடத்தில் வேண்டும். 1810 ஜூனில் ஆட்சிக்குழுவின் இதழான கசெத்தாவில் வந்த எழுத்துரிமைக் கட்டுரையை மொரேனோவின் சொந்தச் சிந்தனையாக மேற்கோள் காட்டுவார்கள். அதில் பெரும்பகுதி ஸ்பானிய எழுத்தாளர் வலெந்தின் தே பொரொந்தாவின் உரை. ரூசோவின் சமூக ஒப்பந்த மொழிபெயர்ப்பிலும் அவர் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்னுரை அவருடையது. சமயம் பற்றி ரூசோ பிதற்றிய அத்தியாயத்தை நீக்கிவிட்டேன் என்று அதிலேயே சொல்லிவிடுகிறார்.

#10 மைக்கூடு

கசெத்தா பெயர் வந்துவிட்டதால் அச்சகம் பற்றிக் கொஞ்சம். ஊரில் ஒரே அச்சகம்தான், கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்துடையது. யேசு சபையார் கோர்தோபாவில் வைத்திருந்த எந்திரம் அது. 1767-ல் அவர்களை நாடுகடத்திய பிறகு மூலையில் கிடந்ததை வைஸ்ராய் வேர்த்தீஸ் 1780-ல் புவெனஸ் ஐரிஸுக்குக் கொண்டுவந்து, வருமானத்தைக் குழந்தைகள் இல்லத்துக்கு ஒதுக்கினார். ஜூன் 2-ல் இதழ் தொடங்க ஆணை, ஜூன் 7-ல் முதல் இதழ் வெளிவந்துவிட்டது. வாரம் ஒருமுறை வியாழக்கிழமை, இடையில் சிறப்பிதழ்கள். நினைப்பதைப் பேச வாய்க்கும் அரிய காலம் பற்றிய தாசித்துஸின் லத்தீன் வரி தலைப்பில். அரசு ஆணை, படைச் செய்தி, வருகின்ற மாநாடு எப்படி அரசியலமைப்பு எழுதவேண்டும் என்ற தொடர்கட்டுரை எல்லாம் அதில்தான் வந்தன.

செப்டம்பர் 13-ல் பொது நூலகம் அமைக்கும் அறிவிப்பு. நூல்களும் பணமும் எங்கிருந்து? கோர்தோபா ஆயர் ஒரெல்யானாவிடம் பறிமுதல் செய்தது, சான் கார்லோஸ் கல்லூரியுடையது, பொதுமக்கள் நன்கொடை. நூலகர்களில் ஒருவர் அந்த கயெத்தானோ ரொத்ரிகெஸ். 1812 மார்ச் 16-ல் வாசல் திறந்தபோது மொரேனோ இல்லை. இன்று அர்ஜென்டினாவின் தேசிய நூலகம் அவர் பெயரில் இருக்கிறது. ரூசோ நூலுக்கு நேர்ந்தது வேறு: நகரசபை வாங்கிய 200 பிரதிகளை, இளைஞர்களுக்குப் பயன்படாது, கெடுதலும் செய்யலாம் என்று அதே நகரசபை 1811 பிப்ரவரியில் ஒதுக்கிவிட்டது.

#11 கருங்கல்

மொரேனோ எழுதியதிலேயே எனக்கு மறுக்க முடியாதது 1810 டிசம்பர் 6 ஆணை. ஆளை எதிர்த்து எழுதினாலும் இதை மதிக்கிறேன்.

முந்தின இரவு சாவெத்ராவின் பத்ரீசியோஸ் படைமுகாமில் சுய்ப்பாச்சா வெற்றி விருந்து. வாசல் காவலாளி மொரேனோவை உள்ளே விடவில்லை. உள்ளே அத்தனாசியோ துவார்த்தே என்ற ஓய்வுபெற்ற அதிகாரி, போதையில், சர்க்கரைக் கிரீடம் ஒன்றைச் சாவெத்ராவின் மனைவி சத்துர்னினாவிடம் கொடுத்து, அமெரிக்காவின் அரசர் என்று சாவெத்ராவை வாழ்த்தினார். மறுநாளே 16 உட்பிரிவுகளோடு ஆணை வந்தது.

முதல் உட்பிரிவு, மே 28 ஒழுங்குவிதிகளில் தலைவருக்கு வைஸ்ராயின் மரியாதைகளைத் தந்த பகுதியை ரத்து செய்கிறது. தலைவருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் முழுச் சமத்துவம். பரிவாரம், காவல்படை கிடையாது. ஆட்சிக்குழு உறுப்பினர் எவர் பெயரையும் சொல்லிப் பொதுவில் வாழ்த்துக் கூறக்கூடாது. மனைவியருக்குக் கணவரின் பதவி மரியாதை இல்லை. நாடகத்துக்கோ காளைச் சண்டைக்கோ போனால் மற்றவர்போல் காசு கொடுத்து இடம் வாங்கவேண்டும். துவார்த்தேவுக்கு மரணதண்டனைதான் தகும், போதையில் இருந்ததால் உயிர்ப்பிச்சை, நகரத்திலிருந்து நிரந்தர வெளியேற்றம். புவெனஸ் ஐரிஸில் குடியிருப்பவன் போதையிலும் தூக்கத்திலும்கூட நாட்டின் விடுதலைக்கு எதிராக நினைக்கக்கூடாது என்ற புகழ்பெற்ற வரி இங்கேதான்.

ஆனால் உண்மையில் பல் உள்ள உட்பிரிவு வேறு. ஆட்சிக்குழுவின் எந்த ஆணைக்கும் குறைந்தது நான்கு உறுப்பினர் கையெழுத்தும் உரிய செயலாளர் கையெழுத்தும் வேண்டும். அந்த வடிவில் இல்லாத ஆணையை நிறைவேற்றும் அதிகாரியே அதற்குப் பொறுப்பு. தளபதியும் தலைவருமான ஒருவர் தன் கையெழுத்தை மட்டும் போட்டுப் படையை நகர்த்தும் வழியை இது அடைத்துவிடுகிறது. சாவெத்ராவும் இந்த ஆணையில் கையெழுத்திட்டார், மறுத்தால் கிரீடத்துக்கு ஆசைப்பட்டவர் ஆகிவிடுவார்.

#12 வெள்ளிநதி

பன்னிரண்டு நாளில் அதற்குப் பதிலடி வந்தது, அதுவும் ஆவணம் வழியாகவே. மாகாணப் பிரதிநிதிகள் ஒன்பது பேர் வந்து காத்திருந்தார்கள், முன்னணியில் கோர்தோபாவின் பாதிரியார் கிரெகோரியோ பூனெஸ். மொரேனோவின் நிலை: இவர்கள் மாநாட்டில் கூடி அரசியலமைப்பு எழுத வந்தவர்கள், ஆட்சிக்குழுவில் உட்கார வந்தவர்கள் இல்லை. ஆட்சி ஒரு பக்கமும் சட்டம் இயற்றுவது இன்னொரு பக்கமும் நிற்கவேண்டும் என்பது அதன் உள்ளுறை. மே 25 தீர்மானம் அவர் பக்கம். ஆனால் இரண்டே நாள் கழித்து, மே 27-ல், ஆட்சிக்குழு மாகாணங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, வந்துசேரும் வரிசையில் பிரதிநிதிகள் ஆட்சிக்குழுவில் சேர்க்கப்படுவார்கள் என்று சொல்லிவிட்டது. பிரதிநிதிகள் அதை எடுத்து மேசையில் வைத்தார்கள்.

டிசம்பர் 18 வாக்கெடுப்பு. பெல்கிரானோவும் காஸ்தெல்லியும் போர்முனையில். ஆட்சிக்குழுவில் மிச்சம் ஏழு பேர், பிரதிநிதிகள் ஒன்பது பேர், அவர்களும் தங்கள் வழக்கில் தாங்களே வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் மொரேனோவும் பாசோவும் மட்டும். சில உறுப்பினர்கள், சட்டப்படி சரியில்லை என்றாலும் அமைதிக்காக ஒப்புகிறேன் என்று பதிவுசெய்தார்கள். பிரதிநிதிகள் செய்தது தவறு என்பது என் கருத்து, அதில் தயக்கம் இல்லை. ஆட்சிக்குழு 1811 முழுக்கத் தடுமாறியதற்கு, ஆணையிடும் இடத்தில் மாநாடு போன்ற ஒரு கூட்டத்தை உட்காரவைத்ததும் முக்கியக் காரணம்.

மொரேனோ பதவி விலகல் கொடுத்தார், ஏற்கப்படவில்லை. லண்டன் தூது கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

#13 தெற்குவானம்

கடைசிக் கேள்வி: விஷமா?

#14 மைக்கூடு

நேரடிச் சாட்சியம் கூடப் போன தம்பி மனுவெல் மொரேனோவுடையது. தோமாஸ் கிதோவும் கப்பலில் இருந்தார். 1811 ஜனவரி 24-ல் புறப்பட்டு என்செனாதாவில் 'பாமா' என்ற ஆங்கிலேயக் கப்பலுக்கு மாறினார்கள். மொரேனோ ஏறும்போதே உடல் சரியில்லை, கடல் நோய் வேறு. கப்பலில் மருத்துவர் இல்லை. ரியோவிலாவது நன்னம்பிக்கை முனையிலாவது இறக்கச் சொல்லிக் கேட்டும் கப்பல் தலைவர் இணங்கவில்லை. பிறகு தம்பிக்கும் கிதோவுக்கும் தெரியாமல் வாந்தி மருந்து கொடுத்தார். மார்ச் 4 விடியலில் மரணம், பிரேசிலின் தென்கரைக்கு அப்பால். உடல் கடலில் விடப்பட்டது.

மருந்து டார்டார் எமெடிக், ஆண்டிமனி உப்பு. அக்காலத்தில் எல்லாக் கப்பல் மருந்துப் பெட்டியிலும் இருக்கும். முறை என்ன? ஒன்றிரண்டு கிரெய்ன் (பழைய மருந்து எடையளவு) அளவை நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்து, வாந்தி தொடங்கியதும் நிறுத்திவிடவேண்டும். ஒரேயடியாகக் கொடுத்தால் நிறுத்த வழியில்லை. வாந்தியும் பேதியும் உடல் நீரை இழுத்துவிடும், ஆண்டிமனி இதயத்தையும் தாக்கும். பல நாள் சாப்பிடாமல் கிடந்த உடம்புக்கு வழக்கமான அளவே ஆபத்து.

கொடுத்த அளவு நான்கு கிராம் என்றே பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. நான்கு கிரெய்ன் என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 0.2–0.26 கிராம். மொரேனோவே, என் உடல் இதில் கால்பங்கைத்தான் தாங்கும் என்று சொன்னதாகத் தம்பி எழுதுகிறார். நான்கு கிரெய்னில் கால்பங்கு ஒரு கிரெய்ன், அது மென்மையான உடலுக்கான வழக்கமான அளவு, கூற்றுக்குப் பொருள் இருக்கிறது. நான்கு கிராமில் கால்பங்கு ஒரு கிராம், அதை எந்த உடலும் தாங்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே கிரெய்ன் என்றே படிக்கிறேன். அப்படிப் படித்தால், அறியாமையால் நேர்ந்த சாவு என்பதே கூடுதல் பொருத்தம்.

#15 கருங்கல்

விஷ வாதத்தின் வலுவான சீட்டை மைக்கூடு எடுக்கவில்லை. பிப்ரவரி 9-ல், மொரேனோ புறப்பட்டு இரண்டு வாரம் கழித்து, ஆயுதம் வாங்குவதற்காக ஆட்சிக்குழு கர்ட்டிஸ் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. மொரேனோ இறந்திருந்தாலோ, எதிர்பாராத காரணத்தால் இங்கிலாந்தில் இல்லாவிட்டாலோ, அனிசெத்தோ பதில்யாவிடம் காரியம் பேசவேண்டும் என்று அதில் ஓர் உட்பிரிவு.

#16 ஏடுபுரட்டி

அந்த உட்பிரிவு உண்மை. ஆனால் அதிகாரப் பத்திரம் வரைந்த எவருக்கும் அது அதிர்ச்சி தராது. பல வாரக் கடற்பயணம், ஐரோப்பாவில் போர் நடக்கிறது, தபால் திரும்பி வர மாதக்கணக்கு. முகவர் இறந்தால் யார் என்று எழுதாத பத்திரம்தான் குறையுள்ள பத்திரம். கொலைத் திட்டம் வைத்திருப்பவர்கள் அதை ஒப்பந்தத்தில் எழுதி வணிகர் கையில் கொடுப்பார்களா என்பதையும் யோசியுங்கள்.

மரணத்துக்குப் பிந்தைய அரசியலுக்கு, மனைவி மரியா குவாதலூப்பே குவென்காவின் கடிதங்களைத் தவறாமல் படியுங்கள். 1804-ல் சுக்கிசாக்காவில் மணந்தவர். மார்ச்சிலிருந்து லண்டன் முகவரிக்கு எழுதிய கடிதங்கள் அவரைச் சேரவே இல்லை. பிரிவுத் துயரோடு, ஏப்ரல் 5, 6 கிளர்ச்சிச் செய்தியும் அவற்றில் இருக்கிறது. அதில் அஸ்குவெனாகா, லர்ரெயா, ரொத்ரிகெஸ் பேஞ்யா, வியெய்த்தெஸ் எல்லோரும் ஆட்சிக்குழுவிலிருந்து தூக்கப்பட்டார்கள். யாரைப் பிடித்தார்கள், யார் முகம் திருப்பிக்கொண்டார்கள் என்று உள்ளூரிலிருந்து பார்த்து எழுதியவை.

#17 வெள்ளிநதி

தெற்குவானம், படிக்கும் வரிசை கேட்டீர்கள். மீத்தா ஆய்வுரை, பண்ணையார்கள் மனுவின் கோரிக்கைப் பகுதி, ஜூலை 28 ஆணை, டிசம்பர் 6 ஆணை, டிசம்பர் 18 வாக்குப் பதிவு, பிறகு குவாதலூப்பேயின் கடிதங்கள். தம்பி எழுதி 1812-ல் லண்டனில் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றைக் கடைசியில் வையுங்கள். அன்பில் எழுதியது, முதலில் படித்தால் மற்றதெல்லாம் அதன் நிறத்திலேயே தெரியும்.

மீத்தாவின் முடிவையும் குறித்துக்கொள்ளுங்கள். 1811 மே 25-ல் தியாவனாக்கோ இடிபாடுகளில் நின்று காஸ்தெல்லி பழங்குடியினருக்குச் சம உரிமை அறிவித்தார். ஒரு மாதத்துக்குள் ஹுவாக்கியில் படை தோற்றதால் அங்கே அது நடைமுறைக்கு வரவில்லை. 1811 செப்டம்பர் 1-ல் பழங்குடியினர் தலைக்கு இவ்வளவு என்று கட்டிவந்த வரியை ஆட்சிக்குழு நீக்கியது. 1812 நவம்பரில் காதிஸ் நாடாளுமன்றம் ஸ்பெயின் தரப்பிலேயே மீத்தாவை ஒழித்தது. 1813 மார்ச் 12-ல் புவெனஸ் ஐரிஸ் பேரவை மீத்தா, யனக்கோனா என்ற பண்ணையடிமை முறை, தனியாள் ஊழியம் எல்லாவற்றையும் சட்டம் போட்டு நீக்கியது. அதை 1802 ஆய்வுரையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து அதையே தனி இழையாகப் பேசலாம்.